நாளம் கண்ணுக்குத் தெரிந்த காலம்: முன்வழிக் குருதிநாள நோயறிதலின் வரலாறும் சுங்குவார்சத்திரத் தொழிற்பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

கருவின் குருதிநாளங்கள் நஞ்சுக்கொடியின் காப்போ தொப்புள்கொடியின் காப்போ இன்றி, பனிக்குடச் சவ்வின் மேல் படர்ந்து கருப்பை வாயின் குறுக்கே செல்லும் நிலையை மருத்துவ உலகம் ‘வாசா பிரீவியா’ என்று வழங்குகிறது. இந்நிலை பெயர்பெற்றுப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரே, குழந்தை உயிரோடிருக்கும்போது அதைக் கண்டறியும் வழி பிறந்தது. அறியப்படும் நேரம் மகப்பேற்றுக்குப் பின்னிருந்து மகப்பேற்றுக்குப் பல வாரம் முன்னதாக நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. அந்த நகர்வினால் இச்சிக்கல் பேறுகால அறையை விட்டு ஸ்கேன் அறைக்கும், அங்கிருந்து தொழிற்சாலையின் விடுப்புப் பதிவேட்டுக்கும் வந்து சேர்ந்துள்ளது என்பதைச் சுங்குவார்சத்திரம் சார்ந்த தொழிற்பகுதியை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்வழிக் குருதிநாளம், நஞ்சுக்கொடி, மகப்பேற்று வரலாறு, ஸ்கேன், மகப்பேற்று நலச் சட்டம், சுங்குவார்சத்திரம்

முன்னுரை

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் அமைந்த சுங்குவார்சத்திரம், வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊர். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை, 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசி ஆலை, 2007இல் சுங்குவார்சத்திரத்தில் வீட்டு மின்கருவி ஆலை, தொடர்ந்து ஒரகடத்தில் ஊர்திகளும் உதிரிப்பாகங்களும் செய்யும் ஆலைகள் என இப்பகுதி இரு பதிற்றாண்டுகளுக்குள் உருமாறியது. இங்குள்ள மின்னணு ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். விடுதி உணவால் நேர்ந்த நோய்க்கு எதிராக 2021 டிசம்பரில் அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான், அவர்களின் எண்ணிக்கையைத் தமிழகம் கண்கூடாக உணர்ந்தது எனலாம்.

இப்பெண்களைப் பற்றிய ஆய்வுகள் கூலி, விடுதி, சங்க உரிமை ஆகியவற்றையே பெரிதும் பேசுகின்றன. அவர்கள் மணம் செய்து இப்பகுதியிலேயே வாடகை வீடுகளில் குடியமர்ந்து கருவுறும் காலம் குறைவாகவே பேசப்படுகிறது. ஓர் அரிய மகப்பேற்றுச் சிக்கலைக் கொண்டு அக்காலத்தை அணுகுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். முன்வழிக் குருதிநாளம் ஏறத்தாழ 1,200 முதல் 5,000 மகப்பேறுகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே நேர்வது. ஆயினும், முன்கூட்டிக் கண்டறிந்தால் குழந்தை ஏறக்குறைய உறுதியாகப் பிழைக்கும். கண்டறியாவிட்டால் சில நிமிடங்களில் இறக்கவும் கூடும். இவ்வளவு கூர்மையான வேறுபாடுடைய சிக்கல்கள் மகப்பேற்றியலில் மிகச் சில. ஒரு நலவாழ்வு அமைப்பு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை அறிய இதுபோன்ற ஓர் அளவுகோல் எளிதில் கிடைப்பதில்லை.

சொல்லும் பொருளும்

இலத்தீனில் ‘வாசா’ என்பது நாளங்கள். ‘பிரீவியா’ என்பது வழியில் முன்னிற்பது. குழந்தை வெளிவரும் வழியில் குழந்தைக்கு முன்னே நிற்கும் நாளங்கள் என்பதே சொற்பொருள். இதற்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லாமையால் ‘முன்வழிக் குருதிநாளம்’ என்னும் ஆக்கம் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

தொப்புள்கொடி இயல்பாக நஞ்சுக்கொடியின் நடுப்பகுதியில் சென்று பொருந்தும். அதன் நாளங்களைச் சுற்றி வார்ட்டன் கூழ் எனப்படும் வழுவழுப்பான பொருள் மெத்தைபோல் அமைந்து காக்கும். சிலரிடம் கொடி நஞ்சுக்கொடியை அடையும் முன்பே சவ்வில் பொருந்தி, நாளங்கள் பிரிந்து சவ்வின் மேல் ஓடுகின்றன. வேறு சிலரிடம் நஞ்சுக்கொடி இரு பிளவாகவோ, சிறு துணைப்பகுதியுடனோ அமைய, அவற்றை இணைக்கும் நாளங்கள் சவ்வின் மேல் செல்கின்றன. இவ்விரு வகையிலும் நாளம் கருப்பை வாயின் மேலோ அதனை ஒட்டியோ அமைந்தால், பனிக்குடம் உடையும்போது நாளமும் கிழியக்கூடும். அப்போது ஒழுகுவது தாயின் குருதியன்று, குழந்தையின் குருதி. நிறைமாதக் குழந்தையின் உடலில் கிலோ ஒன்றுக்கு 80 முதல் 100 மி.லி. அளவே குருதி உண்டு. மூன்று கிலோ குழந்தைக்கு மொத்தம் ஒரு தேநீர்க் குவளையை ஒன்றிரண்டு முறை நிரப்பும் அளவு. தாய்க்குச் சிறிதெனத் தோன்றும் போக்கு குழந்தைக்கு முழு இழப்பு.

தமிழில் இதற்குச் சொல் இல்லாததற்கும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மான்செல் என்பாரின் மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் பெயரில் 1857இல் தமிழில் வந்தது அம்முயற்சியின் பயன். சென்னையிலோ, 1844இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையின் வழியும் மருத்துவக் கல்லூரியின் வழியும் வளர்ந்த கல்வி முழுதும் ஆங்கிலத்தில் நிலைத்தது. ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1938இல் வெளியிட்ட மகப்பேற்றுப் பாடநூல் இந்தியா முழுவதும் தலைமுறைகளாகப் பயிலப்பட்டது. அதுவும் ஆங்கில நூலே. விளைவாக இன்று நஞ்சுக்கொடிக்கே ஒருமித்த சொல் இல்லை. தமிழகப் பள்ளிப் பாடநூல் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘சூல்வித்தகம்’ என்கிறது. ஊர்ப்புறம் ‘நஞ்சு’ என்றும் ‘இளங்கொடி’ என்றும் சொல்கிறது. கலைச்சொல் குறையாக மட்டும் இதைக் கருதிவிட இயலாது. நோவோ கசிவோ இல்லாத ஒரு பெண்ணிடம் பல வாரம் மருத்துவமனையில் தங்கச் சொல்பவர், அதற்கான காரணத்தை அவளுக்குப் புரியும் சொல்லில் சொல்லியாக வேண்டும்.

சவ்வைப் படித்தவர்களும் சவ்வைப் புதைத்தவர்களும்

கொடி சவ்வில் பொருந்துவதை 1773இல் ரிஸ்பர்க் விவரித்தார். அவ்வாறு ஓடிய நாளம் கிழிந்த நிகழ்வை 1801இல் லோப்ஸ்டைன் பதிந்தார். 1831இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பெங்கைசர் அளித்த இலத்தீன் ஆய்வேடு, மகப்பேற்றின்போது தொப்புள் நாளத்தின் கிளை கிழிந்து ஏற்படும் குருதிப்போக்கையே பொருளாகக் கொண்டது. அதனால் இக்குருதிப்போக்கு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது.

இவர்கள் அனைவரும் கண்டது பிறப்புக்குப் பின் வெளிவந்த நஞ்சையும் சவ்வையும்தான். நஞ்சை விரித்து நோக்கும் பழக்கமும், வழக்கத்துக்கு மாறானதைச் சாராயப் புட்டியில் இட்டுக் காக்கும் பழக்கமும் ஐரோப்பிய மகப்பேற்றுக் கூடங்களில் இருந்தன. தமிழ்நாட்டு வீட்டுப் பேறுகளிலும் மருத்துவச்சி நஞ்சை நோக்கவே செய்தாள். ஆயின் அவள் நோக்கியது நஞ்சு முழுதும் வந்துவிட்டதா என்பதை. உள்ளே தங்கினால் தாய்க்குக் கேடு என்பதால். பிறகு அது மண்ணில் புதைக்கப்பட்டது. வெளுத்துப் பிறந்து இறந்த குழந்தையையும் கிழிந்த நாளத்தையும் இணைத்துப் பார்க்கும் சான்று அதனோடு மண்ணுக்குள் போயிற்று. மருத்துவச்சியின் அறியாமை என்று இதனைக் குறிப்பது பொருந்தாது. அவளது நோக்குக்குத் தாயின் உயிர் மையம். அதற்குரிய கேள்வியை அவள் சரியாகவே கேட்டாள்.

இந்தத் தாய்மையப் பார்வை பின்னாளிலும் தொடர்ந்ததைக் கருத வேண்டும். தமிழகம் பெருமையுடன் வளர்த்தெடுத்த தாய் இறப்புத் தணிக்கை முறையில் குருதிப்போக்கு என்பது தாயின் குருதிப்போக்கே. முன்வழிக் குருதிநாளத்தால் தாய் இறப்பதில்லை. அதனால் அத்தணிக்கையில் இது இடம்பெறுவதில்லை. குழந்தையின் இறப்பு ‘மூச்சுத்திணறல்’ என்றோ ‘இறந்து பிறப்பு’ என்றோ பதிவாகிவிடக் கூடும்.

விரலும் காரமும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிறப்புக்கு முன் இதனை அறிய இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, உட்பரிசோதனையின்போது சவ்வின் மேல் துடிக்கும் நாளத்தை விரல் உணர்வது. கைதேர்ந்தவருக்கும் அரிதாகவே வாய்ப்பது இது; அழுத்தினாலே குழந்தைக்குக் கேடு. மற்றொன்று, ஒழுகும் குருதி யாருடையது என்று வேதியியலால் அறிவது. 1955இல் ஆப்ட், டௌனி இருவரும் வெளியிட்ட எளிய சோதனை இதற்கு உதவியது. கருவின் ஹீமோகுளோபின் காரத்தில் எளிதில் சிதையாது. தாயினுடையது சிதைந்து பழுப்பாகும். அச்சோதனை முதலில் செய்யப்பட்டது வேறொரு தேவைக்கு: பிறந்த குழந்தையின் மலத்தில் காணும் குருதி, அது விழுங்கிய தாயின் குருதியா என்று அறிய. ஒன்றுக்காகப் பிறந்த கருவி வேறொன்றுக்குப் பயன்படுவது இவ்வரலாற்றில் மீண்டும் நிகழும்.

இச்சோதனைக்குச் சில நிமிடங்கள் வேண்டும். நாளம் முழுதும் கிழிந்த குழந்தைக்கு அந்நிமிடங்களே இருப்பதில்லை. ஆக, அறிவு பிறப்பறைவரை வந்துவிட்டது. காலத்தை மட்டும் வெல்லவில்லை. மகப்பேறு மருத்துவமனைக்குள் வந்தபின் பேற்றை விரைவுபடுத்தப் பனிக்குடத்தைக் கருவியால் உடைப்பது பரவலாயிற்று. பிற பெண்களுக்கு ஊறில்லாத அச்செயல், முன்வழி நாளம் உள்ளவளுக்கு நாளத்தையே கிழிப்பதாகும். மருத்துவமனைப் பேறு என்பதே முழுக்காப்பு என்று கொள்ள இயலாமைக்கு இது ஒரு சான்று.

ஒலியால் கண்ட நாளம்

கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் 1958இல் வெளியிட்ட கட்டுரையோடு மகப்பேற்று ஸ்கேனின் வரலாறு தொடங்குகிறது. ஜியானோபுலோசும் உடனாய்வாளரும் 1987இல் ஸ்கேன் வழி முன்வழிக் குருதிநாளத்தைப் பிறப்புக்கு முன்பே கண்டறிந்ததைப் பதிந்தனர். பெங்கைசரின் ஏட்டுக்கும் இதற்கும் இடையில் 156 ஆண்டுகள். குருதியின் ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையும், பிறப்புவழியில் செலுத்திக் கருப்பை வாயை அருகிலிருந்து நோக்கும் ஸ்கேன் முறையும் இணைந்தபோது ஐயத்துக்கு இடம் பெரிதும் குறைந்தது.

2004இல் ஓயெலேசேயும் பிறரும் வெளியிட்ட ஆய்வு 155 மகப்பேறுகளைத் தொகுத்தது. முன்கூட்டி அறியப்பட்ட 61இல் குழந்தைகள் பிழைத்த விழுக்காடு 97. அறியப்படாத 94இல் 44. இவ்வெண்கள் எங்கும் மேற்கோளாகின்றன. அவ்வாய்வின் தரவில் ஒரு பகுதி, பாதிக்கப்பட்ட பெற்றோர் கூடிய அமைப்பின் வழி வந்தது. குழந்தையை இழந்தோர் அத்தகைய அமைப்பை நாடுவது மிகுதியாகலாம் என்பதால் 44 என்னும் எண்ணைச் சற்று எச்சரிக்கையுடன் கொள்வதே முறை. ஆயினும் இரு எண்களுக்கும் இடையிலான பெருந்தொலைவை அந்த எச்சரிக்கை அழித்துவிடாது.

கண்டறிந்தபின் செய்ய வேண்டுவன இன்று பெரிதும் தெளிவாக உள்ளன. உட்பரிசோதனையைத் தவிர்த்தல், குழந்தையின் நுரையீரல் முதிர 28 முதல் 32 வாரத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி இடுதல், 30 முதல் 34 வாரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பதைக் கருதுதல், பனிக்குடம் உடையும் முன்னர் 34 முதல் 37 வாரத்துக்குள் அறுவை மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பிரிவும் குழந்தைக்கேற்ற குருதியும் அணியமாயிருத்தல் ஆகியவை. இவற்றுள் அரிய அறுவைத்திறன் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் நடக்கும் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவை வழி என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. வேண்டாத இடத்தில் மிகுந்திருக்கும் அதே அறுவை, வேண்டிய இந்த ஒருத்திக்கு உரிய வாரத்தில் கிடைக்குமா என்பது முன்னரே ஒருவர் அவள் நாளத்தைப் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது.

படிவத்தில் இருந்த வரி

தமிழகத்தில் ஸ்கேனின் பொதுவரலாறு வேறொரு கவலையால் எழுதப்பட்டது. 1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலைகள் வெளிச்சத்துக்கு வந்தன; 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவின் பால் அறிவதைத் தடுக்கும் மையச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறைக்கு வந்தது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்ப வேண்டும். அதில் பிழை நேர்ந்தாலும் குற்றமாகலாம் என்பதால் ஸ்கேன் நிலையங்கள் மிகுந்த அச்சத்துடன் காக்கும் ஆவணம் அது.

அப்படிவத்தில் ஸ்கேன் செய்வதற்குரிய காரணங்கள் இருபதுக்கும் மேல் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நஞ்சுக்கொடியின் இருப்பிடம், தடிப்பு, குறைபாடு ஆகியவற்றை மதிப்பிடுதல் ஒரு வரி. அதனை அடுத்து வருவது தொப்புள்கொடியைப் பற்றியது: கொடி முன்னிற்றல், அது பொருந்தும் இடம், கழுத்தைச் சுற்றல், நாளங்களின் எண்ணிக்கை, முடிச்சு. வண்ண டாப்ளர் ஆய்வுக்கும் தனி வரி உண்டு. முன்வழிக் குருதிநாளத்தைக் கண்டறியத் தேவையான இரு கேள்விகளும், அதாவது கொடி எங்கே பொருந்துகிறது, வாயின் மேல் ஏதேனும் ஓடுகிறதா என்பனவும், வேறொரு குற்றத்தைத் தடுக்க எழுந்த படிவத்துக்குள்ளேயே இடம்பெற்றுள்ளன.

ஆனால் அவை ஸ்கேன் செய்ததற்கான காரணங்களாக நிற்கின்றன. கண்டவற்றைப் பதியும் கட்டங்களாக அல்ல. காரணக் கட்டத்தில் குறியிட்டதும் படிவத்தின் கடமை முடிகிறது. கொடி பொருந்துமிடத்தை நோக்கப் பயின்ற கைக்கு வழக்கமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அமெரிக்க வழிகாட்டு முறைகள் 2018இல் இயலும்போதெல்லாம் அதனைப் பதிய வேண்டும் என்றன. ஐக்கிய இராச்சியத்தின் நோய்த்தேர்வுக் குழுவோ, எல்லாருக்கும் முன்வழி நாளச் சோதனை செய்யப் போதிய சான்றில்லை என்றே கூறிவருகிறது. வீண் அச்சமும், வேண்டாத குறைமாதப் பேறும் நேரும் என்பது அதன் கவலை. அக்கவலை மெய்யானதே. கொடியின் இடத்தை எல்லார்க்கும் ஒரு வரியில் பதிவதும், இடர்க்காரணி உடையாரை மட்டும் டாப்ளரால் ஆய்வதும் நடுவழியாக அமையலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

‘நஞ்சு ஏறிவிட்டது’

இடர்க்காரணிகள் ஐந்து பெரிதும் பேசப்படுகின்றன: இருபதாம் வாரத்தில் தாழ்ந்த நஞ்சுக்கொடி, பிளவுபட்ட நஞ்சுக்கொடி, சவ்வில் பொருந்திய கொடி, இரட்டைக் கரு, சோதனைக்குழாய்க் கருவுறுதல். முதலாவது தொழிற்பகுதிக்கு மிகப் பொருந்துவது. மிக எளிதில் தவறுவதும் அதுவே.

இருபதாம் வாரத்தில் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்று சொல்லப்படும் பெண்களுள் பெரும்பாலோர்க்கு, கருப்பை வளர வளர அது வாயை விட்டு விலகிவிடும். முப்பத்திரண்டாம் வார ஸ்கேனில் ‘நஞ்சு ஏறிவிட்டது’ என்று கேட்டு வீடே நிம்மதியடையும். நஞ்சுக்கொடியின் கீழ்ப்பகுதி சுருங்கி மறையும்போது, அதன் மேலோடிய நாளங்கள் சவ்வில் தனித்து விடப்படலாம். அதாவது, ஒரு சிக்கல் தீர்ந்ததாக அறிவிக்கப்படும் அதே நாளில் மற்றொன்று தொடங்கியிருக்கலாம். பிரித்தானிய மகப்பேற்றியலார் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி நூலொன்று தாழ்ந்த நஞ்சுக்கொடியையும் முன்வழி நாளத்தையும் சேர்த்தே பேசியது இத்தொடர்பு கருதியே.

முந்தைய ஸ்கேன் தாளைப் பார்த்தவரே இதனை ஐயுற முடியும். இங்கேதான் தமிழ்ப் பெண்ணின் பேறுகால வழக்கமொன்று குறுக்கிடுகிறது. தலைப்பேறு தாய்வீட்டில் என்பது இன்றும் பெருவழக்கு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து அழைத்துச் செல்வர். முதல் ஸ்கேன்கள் சுங்குவார்சத்திரத்திலோ திருப்பெரும்புதூரிலோ எடுக்கப்பட்டிருக்க, முப்பத்திரண்டாம் வார ஸ்கேன் திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ எடுக்கப்படும். வடமாநிலத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அத்தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவெண் இடம் மாறினாலும் பெண்ணைத் தொடர்வதற்கென்றே அமைந்தது. எண் தொடர்ந்தாலும், ‘இருபதாம் வாரத்தில் தாழ்ந்திருந்தது’ என்னும் குறிப்பு தொடராவிடில் இரண்டாம் மருத்துவர் காண்பது இயல்பான ஒரு நஞ்சுக்கொடியை மட்டுமே. தாளைக் கைப்பையிலேயே வைத்திருக்குமாறு கிராம சுகாதார செவிலியர்கள் வற்புறுத்துவதைக் கேட்டிருக்கிறோம். அவ்வற்புறுத்தலின் பொருள் இத்தகைய இடங்களில்தான் விளங்கும்.

முப்பதாம் வாரமும் சட்டத்தின் எட்டு வாரமும்

நாளம் காணப்பட்டுவிட்டது என்றே கொள்வோம். சுங்குவார்சத்திரத்தில் வசிப்பவளுக்கு, அறுவையும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் ஒருங்கே அமைந்த அரசு இடங்கள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, எழும்பூர். பனிக்குடம் உடைந்தபின் 108 ஊர்தியை அழைத்து, நெடுஞ்சாலையின் ஷிப்டு நேரப் பேருந்து நெரிசலைக் கடந்து சேரும் காலம் அக்குழந்தைக்கு இல்லை. ஆகவே இங்கே முன்கூட்டிச் சேர்த்தல் ஓர் மிகையான எச்சரிக்கை ஆகாது. வழிகாட்டி நூல்களும் மருத்துவமனையிலிருந்து வீட்டின் தொலைவைக் கருதச் சொல்கின்றன.

1934இல் சென்னை மாகாணம் தன் மகப்பேற்று நலச் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப்பின் 1961இல் மையச் சட்டம் வந்தது. 2017 திருத்தம் ஊதிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது. எதிர்பார்க்கும் பேற்றுநாளுக்கு முன்னதாக எடுக்கக்கூடியது 6 வாரத்திலிருந்து 8 ஆயிற்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டிலும் அளவு இதுவே. எட்டு வாரம் என்பது 40 வாரக் கணக்கில் முப்பத்திரண்டாம் வாரத்தில் தொடங்குவது. முப்பதாம் வாரத்தில் படுக்கையில் சேரச் சொல்லப்பட்டவளுக்கு முதல் இரு வாரம் வரம்புக்கு வெளியே நிற்கும். கருவுற்றதால் எழும் நோய்க்குக் கூடுதலாக ஒரு மாத ஊதிய விடுப்பை அச்சட்டத்தின் பத்தாம் பிரிவு வழங்கியது. ஆனால் நோய் என்பதற்குச் சான்று வேண்டும். இவளோ நோவில்லாதவள், நடமாடுகிறாள், குருதி ஒரு துளியும் போகவில்லை. ‘வாசா பிரீவியா’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளைப் பணியாளர் பிரிவில் நீட்டி, தனக்கு வந்திருப்பது நோய்தான் என அவள் நிறுவ வேண்டும்.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவு அதிகம் பேசப்படாதது. பேற்றுநாளுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னுள்ள ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ அவளுக்குத் தரலாகாது என்றது அது. கணக்கிட்டால் அம்மாதம் ஏறத்தாழ முப்பது முதல் முப்பத்துநான்காம் வாரம்வரை. மருத்துவ நூல்கள் 2010களில் வந்தடைந்த அதே வாரங்களை, ஆலை வேலையைக் கண்முன் கொண்ட சட்டம் 1961இலேயே இடர்மிக்கதாகக் குறித்திருந்தது தற்செயல் பொருத்தமே. ஆயினும் பயன்படக்கூடிய பொருத்தம். தொகுப்பு வரிசையில் நின்றே வேலை செய்யும் பெண் அப்பிரிவை அறிந்திருந்தால் கேட்கலாம். ‘கேட்டுக்கொண்டால்’ என்னும் சொல்லில்தான் அதன் வலுவும் வலுவின்மையும் அடங்கியுள்ளன.

முப்பத்தைந்தாம் வாரத்தில் அறுவை நடந்தால், முப்பத்திரண்டிலிருந்து மூன்று வாரம் கழிந்து 23 வாரம் எஞ்சும். குறைமாதக் குழந்தை பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கும் நாள்களும் அந்த 23இலேயே கழியும். இவையெல்லாம் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஒரே பணியிடத்தில் 80 நாள் வேலை செய்தவளுக்கு. ஒப்பந்த முகவர் வழி வந்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஆலை மாறி, பயிற்சியாளர் என்ற பெயரில் பணிபுரிந்தவள் அந்நாள்களை எண்ணிக் காட்டுவது எளிதன்று. அவள் முன் இருப்பவை இரண்டு: கூலியை விட்டுப் படுக்கையில் சேர்வது, அல்லது அடுத்த ஷிப்டுக்கு ஆலைப் பேருந்தில் ஏறுவது.